யானைக்காசும் கும்பினிக்காசும்

பாராமகால் வரலாற்றுத் தொடர் – 9

சென்ற வாரம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு நிறுத்தியிருந்தோம். 1792 மார்ச்சில் திப்பு சுல்தான் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் கட்டவும், ஆட்சிப் பரப்பில் பாதியை விட்டுக்கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். தம் பிள்ளைகள் இருவரைப் பிணையாகவும் அனுப்பினார். பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் பங்குக்கு வந்தன. எந்தச் சீமை என்ன பெறும் என்று உடன்படிக்கையோடு ஓர் அட்டவணை உண்டு. அதில் மதிப்பெல்லாம் கண்டீராய் வராகனில் எழுதப்பட்டிருக்கிறது.

வராகன் என்பது அரசும் வணிகரும் புழங்கிய கணக்கு. சேர்வராயன் மலைக்கும் வத்தல்மலைக்கும் நடுவே, நம் பொம்மிடியைச் சுற்றிய ஊர்களில் கீரையும் கேழ்வரகும் வெற்றிலையும் விற்று வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வராகனைக் கையில் வாங்கியிருப்பார்கள்? அவர்கள் மடியில் இருந்தது செம்பு. ஆட்சி மாறியதைச் சந்தைக்குப் போனவர்கள் உணர்ந்ததும் அந்தச் செம்பில்தான். கோட்டைகளையும் போர்களையும் எட்டு வாரம் எழுதியாயிற்று. இந்த வாரம் சில்லறையை எழுதுகிறேன். நம் பாட்டன் பூட்டன் எதில் ஏமாந்தார்கள், எதில் பிழைத்தார்கள் என்பதை இது போரைவிடத் தெளிவாகக் காட்டும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு யானைக்காசை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம். திப்பு காலத்துப் பைசா. சுமார் 11 கிராம் எடை, தடித்த செம்பு, ஓரம் அவ்வளவு ஒழுங்கான வட்டமில்லை. ஒரு பக்கம் யானை நிற்கிறது. சில காசுகளில் இடப்பக்கம் பார்க்கும், சிலவற்றில் வலப்பக்கம். துதிக்கை தொங்குகிறது, வால் தெரிகிறது, சுற்றிலும் புள்ளி வைத்த வட்டம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் காசு அடித்த அக்கசாலையின் பெயர். தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ‘பட்டன்’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். திப்பு தம் ஊர்களுக்கெல்லாம் புதுப் பெயர் சூட்டியவர் என்பதை முன்பே பார்த்தோம். காசிலும் அந்தப் பெயர்களே வந்தன. திண்டுக்கல்லில் அடித்ததில் காலிகாபாத், சத்தியமங்கலத்தில் அடித்ததில் சலாமாபாத். தமிழ் நிலத்தில் அடித்த மைசூர்க் காசுகள் இவை.

இரட்டைப் பைசா 23 கிராம் வரை இருக்கும். அதில் சிலவற்றில் யானையின் முதுகுக்கு மேல் கொடி பறக்கிறது. பைசாவுக்குக் கீழே அரை, கால், அரைக்கால் என்று இறங்கி, கடைசிக் காசு ஒன்றரை கிராம்கூட இல்லாமல் முடிகிறது. பைசாவுக்குச் ‘சோரா’ என்று பெயர் வைத்தார், அது வெள்ளிக்கோள். அரைப் பைசா ‘பஹ்ராம்’, செவ்வாய். அரைக்கால் பைசா ‘குத்ப்’, துருவ நட்சத்திரம். இது அரண்மனை வைத்த பெயர். வாங்குவோரும் விற்போரும் யானையைப் பார்த்து அதை யானைக்காசு என்றார்கள்.

இந்த யானையைத் திப்பு புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர் தந்தை ஹைதர் அலியே கடைசி ஆண்டுகளில் யானை பொறித்த செம்புக்காசு அடித்தார். அதற்கும் முன்னால் மைசூர் உடையார்கள் காலத்துக் காசுகளில் யானையின் மேல் சூரியனும் பிறையும் உண்டு. விஜயநகரச் செம்பிலும் யானை உண்டு. அரசன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் யானை தெரியும். ஆட்சி கடப்பை நவாபிடமிருந்து ஹைதருக்குப் போனாலும், ஹைதரிடமிருந்து மகனுக்குப் போனாலும், யானை இருந்தால் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். சில்லறைக்கு முதல் தேவை இந்த நம்பிக்கைதான்.

செம்புக்கு மேலே பணம். ரூபாய் என்ற பொருளில் இன்று நாம் சொல்லும் பணம் அல்ல. அது ஒரு தனி நாணயம், தங்கத்தில். மைசூரைக் கண்டீரவ நரசராஜ உடையார் 1638 முதல் 1659 வரை ஆண்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அக்கசாலை வைத்து அவர் அடித்தது கண்டீராய்ப் பணம். பத்துப் பணம் ஒரு கண்டீராய் வராகன், அதாவது ஏறக்குறைய 3 ரூபாய். ஒரு பணத்தின் எடை அரை கிராம்கூடக் கிடையாது. அதற்குள் நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார். கை நடுங்கினால் விழுந்துவிடும், விழுந்தால் மண்ணில் தேட வேண்டும். இவ்வளவு சிறிய காசை நூற்றுக்கணக்கில் எண்ணுவதற்குத் திருவிதாங்கூர்க் கருவூலத்தில் பணப்பலகை வைத்திருந்தார்கள். மரப்பலகையில் நூறு சின்னக் குழிகள். காசுகளைக் கொட்டிப் பலகையை ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும், மிச்சத்தை வழித்துவிட்டால் நூறு. தென்னாட்டில் பணத்தோடு புழங்கியவர்களின் கைத்திறமைக்கு அந்தப் பலகையே சாட்சி.

மேலே தங்கத்தில் பணமும் வராகனும், கீழே செம்பில் காசும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தில் காசு மாற்றித் தரும் சராபு உட்கார்ந்திருந்தார்.

இத்தனை செம்புக்கு ஒரு பணம் என்று அரசு சொல்லும். சந்தை அதைக் கேட்பதில்லை. செம்பு மிகுந்தால் அதன் மதிப்பு இறங்கும். அறுவடை முடிந்து நிலவரித் தவணையான கிஸ்தி கட்டும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வராகன் தேடி வருவார்கள், வராகன் ஏறும். காசு தேய்ந்திருக்கிறது, இது பக்கத்துச் சீமைக் காசு, இந்த முத்திரை பழசு என்று சராபு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். காரணத்துக்கு ஒரு கழிவு. அதற்கு வட்டம் என்று பெயர். எல்லாச் சராபும் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பல ஆட்சிகளின் காசுகளைத் தரம் பார்த்து, தொலைவூர்க் காசையும் வாங்கிக்கொண்டு, வணிகம் நிற்காமல் நடத்தியவர் அவர்தான். ஆனால் அந்த உழைப்புக்கான கூலி எங்கிருந்து வந்தது? பெருவணிகர் வராகனில் வாங்கி வராகனில் விற்றார், அவருக்கு வட்டம் அதிகம் இல்லை. செம்பில் விற்றுத் தங்கத்தில் வரி கட்டியவர்தான் ஒவ்வொரு முறையும் அதைச் சுமந்தார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்டீராய்க் கணக்கு வேறு, சென்னைக் கணக்கு வேறு. கும்பினியாரின் சென்னைக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. இது ஏட்டுக் கணக்கு. கடைத்தெருவில் ஒரு வராகனுக்கு 44 பணம், 45 பணம் என்று போனதுண்டு. 45 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வராகன் கிஸ்தி கட்ட வேண்டியவர் கூடுதலாக 3 பணம், அதாவது 240 காசு கொடுக்க வேண்டும். நூற்றுக்கு ஏழு. எந்தச் சட்டத்திலும் எழுதாத, எந்த ரசீதிலும் வராத ஒரு வரி. இதைத்தான் இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். நிலவரி எவ்வளவு என்று வரலாற்றுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அதன் மேல் ஏறிய இந்த வட்டத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பாராமகாலுக்குக் கும்பினியார் அனுப்பிய கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, மெக்லியோட், கிரஹாம் ஆகியோரும் நிலத்தை அளந்ததையும் ரயத்துவாரி முறைக்கு இங்கே வித்திட்டதையும் வரும் வாரங்களில் விரிவாகப் பார்ப்போம். மன்றோ தருமபுரியில் தங்கியிருந்தார். நமக்கு அருகில் உள்ள தென்கரைக்கோட்டை அன்று ஒரு தாலுகாவின் தலைமையிடம். இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரயத்துவாரி என்றால் இடையில் ஜமீனோ குத்தகைதாரரோ இல்லாமல் ஒவ்வொரு விவசாயியும் நேராக அரசுக்குக் கட்டுவது. கேட்க நன்றாக இருக்கிறது. முன்பு ஊர் முழுவதற்கும் ஒருவர் காசு மாற்றினார். இப்போது ஒவ்வொரு குடியும் தன் சிறு கிஸ்திக்காகத் தன் செம்பை மாற்ற வேண்டியதாயிற்று. வட்டம் வீடு வீடாக வந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். மலைகளுக்கு நடுவே அடுத்தடுத்து நகரங்கள், நகரத்துக்கு ஒரு அக்கசாலை. பெர்ன் நகரம் 1490களிலிருந்து ‘பாட்சன்’ என்ற காசை அடித்தது, அதில் அந்த ஊரின் சின்னமான கரடி இருந்தது. நமக்கு யானை, அவர்களுக்குக் கரடி. பாட்சனுக்குக் கீழே கிரொய்ட்சர், ராப்பன், அதற்கும் கீழே ஒரு பக்கம் மட்டும் முத்திரை குத்திய, இலை போன்ற மெல்லிய ஹாலர் காசு. சூரிக் காசு பாசலில் முழு மதிப்புக்குப் போகாது, லூசெர்ன் காசைப் பெர்னில் கழித்துத்தான் எடுப்பார்கள். 1798இல் பிரெஞ்சுப் படைகள் அங்கே நுழைந்த பிறகு அமைந்த குடியரசு, நாடு முழுவதற்கும் ஒரே நாணயம் கொண்டுவர முயன்றது. பத்து பாட்சன் ஒரு பிராங்க், நூறு ராப்பன் ஒரு பிராங்க். ஐந்தே ஆண்டில் அந்த முயற்சி கலைந்தது. 1803இல் காசடிக்கும் உரிமை மறுபடி மாநிலங்களுக்குப் போனது. 1850இல்தான் சட்டம் இயற்றி ஒன்றாக்கினார்கள். தன் காசைத் தானே அடித்த குடிமக்களின் நகரங்களுக்கே இவ்வளவு இழுபறி என்றால், எங்கோ அடித்த காசை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்த பாராமகால் குடிகள் என்ன செய்வார்கள்?

அங்கே முயற்சி கலைந்த அதே 1803இல்தான் நமக்கான புதுக்காசு அடிக்கப்பட்டது. அடித்த இடம் சென்னை இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்காமை அடுத்த சோஹோ என்ற இடத்தில் மேத்யூ போல்டன் நடத்திய அக்கசாலை. நீராவியால் ஓடும் இயந்திரத்தில் காசடித்தவர் அவர். 1, 5, 10, 20 காசு என்று நான்கு வகை. கட்டி கட்டியாகக் கையால் அடித்த செம்பையே பார்த்துப் பழகிய கைகளுக்கு இது புதுசு. அச்சுப் பிசகாத வட்டம், ஒன்றைப் போலவே இன்னொன்று, கள்ளக்காசு அடிப்பவன் அவ்வளவு சுலபமாகப் பின்பற்ற முடியாத வேலைப்பாடு. ஒரு காசு நாணயம் ஒரு கிராம்கூட இல்லை, அதில் ஒரு சிங்கம். இருபது காசு நாணயம் 9 கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் கும்பினியாரின் கேடயச் சின்னம், இரு மருங்கிலும் சிங்கங்கள். மறுபக்கம் பாரசீகத்தில் ஒரு வாசகம், இருபது காசு நான்கு பலூஸ் என்று.

அந்த வாசகம் ஏன் என்று எனக்கு நெடுநாள் ஆர்வம். கணக்கு விடை சொல்கிறது. பின்னாளில் 1818இல் சென்னை மாகாணம் வராகனை விட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறியபோது, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 42 பணத்தை மூன்றரையால் வகுத்தால் ரூபாய்க்கு 12 பணம், அதாவது 960 காசு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி. 960ஐ 192ஆல் வகுத்தால் ஒரு தம்பிடிக்குச் சரியாக 5 காசு. இருபது காசு நாலு தம்பிடி! அந்த நாணயத்தில் எழுதிய நான்கு பலூஸும் நம் நாலு தம்பிடியும் ஒரே அளவு. துட்டு என்று சில ஊர்களில் பத்துக்காசைச் சொன்னார்கள், சில ஊர்களில் இருபது காசைச் சொன்னார்கள். இரண்டு தம்பிடித் துட்டும் நாலு தம்பிடித் துட்டும் அப்படித்தான் வந்தன. வெள்ளைக்காரன் அணா பைசா கொண்டுவந்தான், பழைய கணக்கு அழிந்தது என்று நினைக்கிறோம். நம் சந்தைக்காரர்கள் பழைய கணக்கைப் புதிய கணக்குக்குள்ளேயே இன்னும் ஒரு நூறாண்டு வைத்திருந்தார்கள்.

நாணயத்தில் தமிழ் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1807, 1808 ஆண்டுகளில் சென்னையில் அடித்த வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் கோபுரம் இருக்கிறது, தமிழும் தெலுங்கும் இருக்கின்றன. அதைக் கையாண்டவர்கள் வணிகர்கள். ஏழை எளியவர் கைக்கு வந்த இருபது காசில் அவர்கள் படிக்கக்கூடிய எழுத்து ஒன்றும் இல்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

இங்கிலாந்தில் அடித்த காசு கப்பலேறி வர வேண்டும். 1808 ஆண்டு பொறித்த பத்துக்காசும் இருபது காசும் டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்துக் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் லட்சக்கணக்கில் அந்தக் காசுகளை வெளியே எடுத்தார்கள். நம் சந்தைகளில் புழங்கித் தேய்ந்திருக்க வேண்டிய காசுகள் இன்று உலகமெங்கும் நாணயச் சேகரிப்பாளர்களின் பெட்டியில் புதுசாக இருக்கின்றன. ஒரு மாகாணத்தின் சில்லறை கடல் கடந்து வந்தால் ஒரு புயலில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

புதுக்காசு வந்ததும் யானை ஓடிவிடவில்லை. திப்பு 1799இல் மாண்ட பின் மைசூர் அரியணையில் அமர்ந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் யானை பொறித்துச் செம்பு அடித்தார். பிற்பாடு சிங்கமும், சாமுண்டியின் பெயரும், ‘மயிலி காசு’ என்ற கன்னட எழுத்தும் வந்தன. கரையோரமாகப் போனால் இன்னும் வேடிக்கை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்த செம்பில் ஊரின் பெயர் தமிழில் இருக்கும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1845 வரை காசு அடித்தார்கள். நாகப்பட்டினத்துப் பக்கம் டச்சுக் காசு. இத்தனையும் எடைக்கு எடை செம்பு. அதனால் எதுவும் முழுதாகச் செல்லாக்காசு ஆகிவிடவில்லை. பாத்திரக்காரன் எப்போதும் வாங்கிக்கொள்வான்.

1835இல் இந்தியா முழுவதற்கும் ஒரே கும்பினி ரூபாய் வந்தது. 180 கிரெயின் எடை, அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. ரூபாயில் இருந்த வட்டம் இதனால் பெரும்பாலும் ஒழிந்தது. இதைக் கும்பினியாரின் நற்செயல்களில் ஒன்றாகவே நான் கொள்கிறேன். ஆனால் சில்லறையில் ஒரு சிக்கலை உண்டாக்கினார்கள். புதிய செம்பில் முக்கியமானது காலணா, அதாவது மூன்று தம்பிடி. நம் பழைய துட்டோ நாலு தம்பிடி. ஒரு துட்டு விலையுள்ள பொருளுக்குக் காலணா கொடுத்தால் ஒரு தம்பிடி குறையும். மூன்று துட்டு ஓரணா, நாலு காலணாவும் ஓரணா. ஒரு துட்டுக்கு ஒரு கட்டுக் கீரை விற்றவர் இனி ஒரு காலணாவுக்கு விற்பதா, கட்டைச் சிறிதாக்குவதா? தனித் தம்பிடி கையில் இருந்தால் சண்டை இல்லை. இல்லாவிட்டால் விலை பேசுவதில் பாதி நேரம் அந்த ஒரு தம்பிடிக்குப் போகும். ஒரு தம்பிடி இன்று நமக்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து சில அணா பார்த்தவருக்கு அது பெரிது.

1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரைக்குப் போட்ட இருப்புப்பாதை பொம்மிடி வழியாகப் போயிற்று. ரயிலுக்குச் சீட்டு வாங்க அணாவும் பைசாவும்தான் செல்லும். யானைக்காசு அங்கே எடுபடாது. தபால் கச்சேரியும் அப்படியே. பழைய காசு சந்தையில் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ஓடி, பிறகு வீட்டுக்குள் போயிற்று. உண்டியலிலும், குழந்தையின் அரைஞாணிலும், சாமி மாடத்திலும்.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. 1943இல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது, எடை 2 கிராம். முந்தைய காலணா அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா ஒரு ரூபாய். காலணாவுக்கு ஒன்றரைப் பைசாவுக்கும் சற்றுக் கூட வருகிறதே, அதை எப்படித் தருவது என்று கடைக்கு வெளியே தொங்கவிட்ட மாற்று அட்டவணைகளைப் பார்த்துக் குழம்பியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். நாலணாவாக நம்மோடு இருந்த 25 பைசா 2011 ஜூன் 30 முதல் செல்லாது.

பொம்மிடி, கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதும், ஏர் ஓட்டும்போதும், பழைய வீட்டை இடிக்கும்போதும் செம்புக்காசு கிடைப்பதுண்டு. பலர் உடனே புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பச்சைக் களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும், அக்கசாலையின் பெயரும் ஆண்டும் போய்விடும். பிறகு அது வெறும் செம்பு. எந்த நிலத்தில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை காசு சேர்ந்து கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்ததை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் வழிவழியாக வந்த காசாக இருந்தால் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டி என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திண்டுக்கல்லில் அடித்த யானைக்காசு ஒன்று பொம்மிடி வயலில் கிடைத்தது என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த நாளில் எந்தச் சந்தை எந்தச் சந்தையோடு தொடர்பு வைத்திருந்தது என்று நம்மால் எழுத முடியும்.

அடுத்த வாரம் ரீடின் நில அளவை.